வாசகர் கேள்வி பதில்: மவுஸைக் கழற்றிவிட்டு இணையதளத்தைத் திறந்து பாருங்கள்

கல்லூரி, பல்கலைக்கழக இணையதளங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்துவது பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கல்வி நிறுவனங்களின் பெயர்களை நீக்கி, கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தேர்வைத் தள்ளிவைத்தால் இணையதளத்தில் அறிவிப்பு போடுகிறார்கள். என் போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் செயலி அதைப் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் நண்பனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் போனில் கோளாறா?
– பார்வை மாற்றுத்திறனாளி மாணவர், திருத்துறைப்பூண்டி

உங்கள் போனில் ஒரு கோளாறும் இல்லை, தம்பி. அறிவிப்பைக் காகிதத்தில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு அது கடிதம். டாக்பேக் போல எழுத்தைக் குரலாக்கும் ஸ்கிரீன் ரீடருக்கோ வெறும் புள்ளிகளால் ஆன படம். எழுத்து எழுத்தாக இருந்தால்தான் டாக்பேக்கால் வாசிக்க முடியும்.

இப்போதைக்கு ஒரு வழி உண்டு. அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் திறந்தால், படத்திலுள்ள தமிழ் எழுத்துகளைப் பிரித்தெடுத்துக் கொடுக்கும். கணினியில் என்றால் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தாலும் எழுத்தாகும். ஆனால் தேர்வு அறிவிப்புக்கு இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய தேதி ஒரு பத்தியிலும் புதிய தேதி பக்கத்துப் பத்தியிலும் இருக்கும் அட்டவணையில் வரிசை கலைந்து, எது பழையது எது புதியது என்று தெரியாமல் போகும். முத்திரை விழுந்த இடத்தில் எண்கள் தப்பாக வரும். தேதியையும் முற்பகலா பிற்பகலா என்பதையும் துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரிசெய்ய வேண்டியவர்கள் அறிவிப்பை ஏற்றுகிறவர்கள். எந்தத் தேர்வு, எந்தப் பாடக் குறியீடு, பழைய தேதி, புதிய தேதி, தேர்வு மையம் மாறுகிறதா இல்லையா என்று பக்கத்திலேயே ஐந்து வரி தட்டச்சு செய்தால் போதும். யூனிகோடு தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட். ஆயிரம் குறிகள் இருந்தாலும் 3 கேபிதான். ஸ்கேன் செய்த ஒரு பக்கமோ சாதாரணமாகவே 1 எம்பியைத் தாண்டும். மின்சாரம் போய், டவர் பேட்டரியில் ஓடி, சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கியிருக்கும் புயல் நாளில் எது வந்து சேரும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஐந்து வரி கோடியக்கரையில் இருக்கும் பார்வையுள்ள மாணவிக்கும் சேர்த்துத்தான்.

நான் கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சுப் பணியில் இருக்கிறேன். முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் எந்தச் சுற்றறிக்கையையும் ஏற்ற முடியாது. ஸ்கேன் செய்யாமல் வேறு என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

இரண்டையும் செய்யுங்கள். சுற்றறிக்கையின் முழு வாசகமும் இணையப் பக்கத்தில் எழுத்தாக இருக்கட்டும். அதன் அடியில் "கையொப்பமிட்ட பிரதி, பிடிஎஃப், 1.2 எம்பி" என்று ஓர் இணைப்புக் கொடுங்கள். ஸ்கேன் பிரதி ஆவணத்துக்கு, மேலே உள்ள எழுத்து படிப்பதற்கு. "இங்கே கிளிக் செய்யவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் தனிப் பட்டியலாக எடுத்துக் கேட்பார்கள். அதில் "இங்கே கிளிக்" என்று இருபது முறை வந்தால் எது எதற்கு என்று எப்படித் தெரியும்?

பிடிஎஃப் ஆகத்தான் போட வேண்டும் என்றால் வேர்டிலேயே ஒழுங்காகத் தொடங்குங்கள். தலைப்பை போல்டு ஆக்கி எழுத்தைப் பெரிதாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. ஹோம் மெனுவிலுள்ள ஸ்டைல்ஸ் பகுதியில் ஹெட்டிங் 1 கொடுக்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். கால அட்டவணையை டேப் தட்டி, ஸ்பேஸ் தட்டி வரிசைப்படுத்தாமல் இன்செர்ட் மெனுவில் டேபிள் போடுங்கள். முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்து ரிப்பீட் ஹெடர் ரோஸ் கொடுங்கள். கட்டங்களை மெர்ஜ் செய்ய வேண்டாம். செய்தால் எந்தத் தேதி எந்தப் பாடத்துக்கு என்பது வாசிப்பில் குழம்பிவிடும். ரிவ்யூ மெனுவில் செக் அக்சஸிபிலிட்டி என்று ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை ஓடவிட்டு, அது சொல்வதைச் சரிசெய்துவிட்டு சேவ் ஆஸ் போய் பிடிஎஃப் தேர்ந்தெடுங்கள். அங்கே ஆப்ஷன்ஸ் உள்ளே டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் என்று தொடங்கும் பெட்டியில் டிக் இருக்க வேண்டும். பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் நீங்கள் போட்ட தலைப்பு, அட்டவணை அமைப்பு எல்லாம் கழன்று விழுந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் "தமிழ்" என்று தெரியும். ஆனால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்துகள். ஸ்கிரீன் ரீடர் முகமூடியைப் பார்ப்பதில்லை; உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். கூகுள் தேடலிலும் அந்தச் சுற்றறிக்கை அகப்படாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. பழைய கோப்புகளை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் சரிபார்த்தே ஆக வேண்டும்: நடுவில் ஆங்கிலத்தில் இருந்த பாடக் குறியீடுகளும் மின்னஞ்சல் முகவரிகளும் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருக்கும். அவற்றைத் திரும்ப ஆங்கிலத்தில் அடியுங்கள்.

யூனிகோடில் அடித்த தமிழ் பிடிஎஃப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. கொம்பு வைத்த எழுத்துகள் காப்பி செய்து ஒட்டும்போது இடம் மாறிவரும். கேட்கும்போதும் அப்படியே உளறும். அதனால் இரண்டு பக்கத்துக்குள் முடியும் எந்தச் சுற்றறிக்கைக்கும் இணையப் பக்கமே நல்லது. பாடத்திட்டம் போன்ற நீண்ட ஆவணங்களுக்கு மட்டும் பிடிஎஃப் வைத்துக்கொண்டு, கூடவே வேர்டு கோப்பையும் கொடுங்கள்.

எங்கள் இணையதளத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான், நிறம் மாற்றும் பொத்தான் எல்லாம் அடங்கிய ஒரு விட்ஜெட்டை ஆண்டுச் சந்தா கட்டிப் போட்டிருக்கிறோம். இது போதும்தானே?
– கல்லூரி நிர்வாகி, பட்டுக்கோட்டை

போதாது. ஸ்கேன் செய்த படத்தை அது எழுத்தாக்காது. லேபிள் (பெயர்க் குறிப்பு) இல்லாத விண்ணப்பப் பெட்டிக்குச் சரியான பெயரையும் அதனால் ஊகிக்க முடியாது. பார்வையற்றவரிடம் ஏற்கெனவே ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது, குறைபார்வை உள்ளவருக்கு பிரவுசரிலேயே கன்ட்ரோலும் பிளஸும் இருக்கிறது. சில விட்ஜெட்கள் அவர்களுடைய கருவியோடு மோதி, இருப்பதையும் கெடுக்கின்றன. அக்சஸிபி என்ற நிறுவனம் தன் விட்ஜெட் எந்தத் தளத்தையும் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் தரத்துக்கு ஏற்றதாக ஆக்கிவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக, அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அந்தச் சந்தாப் பணத்தில் உங்கள் சேர்க்கை விண்ணப்பத்தைத் திருத்துங்கள்.

கல்லூரிகளுக்கு ஆன்லைன் விண்ணப்பம் செய்து கொடுக்கிறேன். மாற்றுத்திறனாளி மாணவர்களால் நிரப்ப முடியவில்லை என்று புகார் வருகிறது. குறிப்பாக எதைக் கவனிக்க வேண்டும்?
– இணையதள வடிவமைப்பாளர், தஞ்சாவூர்

விண்ணப்பத்தை நிரப்ப முடியாதவர் ப்ரவுசிங் சென்டருக்கோ இ-சேவை மையத்துக்கோ போய், கடவுச்சொல், ஆதார் எண், மருத்துவச் சான்று எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் லேபிள். பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் "தந்தை பெயர்" என்று எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். நினைவில் வைத்துக்கொள்ளச் சிரமப்படுபவர் அங்கேயே தடுமாறுவார். ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே தெரியும் லேபிள் வைத்து, எச்டிஎம்எல்லில் அதை அந்தப் பெட்டியின் ஐடியோடு இணையுங்கள். பிழை நேர்ந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவதோடு நிற்காதீர்கள். "பிறந்த தேதியில் ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதவும்" என்று அந்தப் பெட்டியின் அருகிலேயே எழுத்தில் சொல்லி, கர்சரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். தேதிக்கு நாட்காட்டிக் கட்டம் மட்டும் வைத்தால் 2007-க்குப் போவதற்குள் விசைப்பலகையில் நூறு தட்டு தட்ட வேண்டும். எண்ணாக எழுதவும் இடம் கொடுங்கள்.

ரோபோ இல்லை என்று காட்டச் சொல்லும் கேப்சாதான் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. கோணல் எழுத்துப் படம் பார்வையற்றவருக்கு முழுச் சுவர், டிஸ்லெக்சியா உள்ளவருக்கு முக்கால் சுவர். ஒலி கேப்சா மட்டும் வைத்தால் கண்ணும் காதும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர் நிற்கிறார். மொபைல் ஓடிபி நல்ல மாற்று. ஆனால் 30 நொடியில் காலாவதி ஆகக் கூடாது, ஒட்டுவதைத் தடுக்கவும் கூடாது. ரோபோக்களைப் பிடிக்க, கண்ணுக்குத் தெரியாத பொறிப் பெட்டி ஒன்றை வைத்து, அதை நிரப்புகிறவரை நிராகரிப்பது இன்னொரு முறை. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது: பெட்டியைத் திரைக்கு வெளியே தள்ளிவைத்தால் ஸ்கிரீன் ரீடர் அதையும் வாசிக்கும், மாணவர் நிரப்புவார், உங்கள் நிரல் அவரை ரோபோ என்று தள்ளிவிடும். சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளே நன் கொடுத்து முழுவதுமாக மறையுங்கள். பிரவுசரின் தானியங்கி நிரப்பலையும் அந்தப் பெட்டிக்கு அணைத்துவிடுங்கள்.

நேரக் கெடு வைத்தால், முடிவதற்கு முன் எச்சரித்து, ஒரே விசையில் நீட்டிக்கக் குறைந்தது 20 நொடி கொடுக்க வேண்டும். அப்படிக் குறைந்தது 10 முறை நீட்டிக்க முடிய வேண்டும். இது டபிள்யூசிஏஜி என்ற, இணைய அணுகலுக்கான உலகத் தரத்தில் உள்ள கணக்கு. வாயில் குச்சி வைத்துத் தட்டச்சு செய்பவரை நினைத்துக்கொண்டு, பாதியில் சேமிக்கும் வசதியும் வையுங்கள்.

நிறத்துக்கும் கணக்கு உண்டு. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். வெள்ளையின் மேல் 777777 என்ற குறியீடுள்ள சாம்பல் நிறம் 4.48 வந்து தோற்றுவிடும், 767676 என்றால் 4.54 வந்து தேறிவிடும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் கருவியால் அளந்து பாருங்கள். தொட வேண்டிய பொத்தான் குறைந்தது 24-க்கு 24 பிக்சல். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 பதிப்பில் சேர்ந்த விதி இது. போனில் இரு விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் வரியை வியூபோர்ட்டில் எழுதியிருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

எங்கள் தமிழ்த் துறைப் பக்கத்தில் கல்வெட்டு, ஓலைச்சுவடிப் படங்கள் நிறைய இருக்கின்றன. மாற்று உரை எழுதச் சொல்கிறார்கள். எவ்வளவு எழுத வேண்டும்?
– உதவிப் பேராசிரியர், திருவையாறு

படம் அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. துறையின் முகப்பில் அழகுக்காகப் பெரிய கோயில் படம் இருந்தால் மாற்று உரை எழுதும் இடமான ஆல்ட் பண்பை வெறுமையாக விட்டுவிடலாம். ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போகும். ஆல்ட்டை எழுதாமலே விட்டால் கோப்பின் பெயரை எண்ணும் எழுத்துமாக வாசித்து உயிரை எடுக்கும். வெறுமை வேறு, இல்லாமை வேறு.

அதே படம் கல்வெட்டு பற்றிய பாடத்தில் வந்தால் "தஞ்சைப் பெரிய கோயில் அதிட்டானத்தில் வரிவரியாகப் பொறித்த தமிழ்க் கல்வெட்டு, இடது ஓரத்தில் கல் சிதைந்து எழுத்துகள் மறைந்துள்ளன" என்று எழுதுங்கள். கல்வெட்டின் வாசகம் முழுவதையும் ஆல்ட்டில் திணிக்க வேண்டாம். ஆல்ட் ஒரே மூச்சில் வாசிக்கப்படும். நடுவில் நிறுத்தி எழுத்து எழுத்தாகத் திரும்பிப் பார்ப்பது கடினம். படி எடுத்த வாசகத்தைப் படத்துக்குக் கீழே பத்தியாகக் கொடுத்தால் பார்வையுள்ள மாணவரும் அதைப் படித்துத்தான் பாடம் படிப்பார். "படம்" என்ற சொல்லால் தொடங்காதீர்கள். படம் என்று கருவியே சொல்லிவிடும்.

தமிழ்ப் பக்கத்துக்கு இன்னொரு தேவை: எச்டிஎம்எல்லின் முதல் வரியில் மொழி தமிழ் என்று குறித்திருக்க வேண்டும். வாங்கிய டெம்ப்ளேட்டில் ஆங்கிலம் என்றே இருக்கும். அப்படியே விட்டால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழில் தடுமாறும்.

செவித்திறன் குறைந்த மாணவர்களுக்காக வகுப்பு வீடியோக்களில் என்ன சேர்க்க வேண்டும்?
– விரிவுரையாளர், நாகப்பட்டினம்

நேரத்தோடு ஒத்துவரும் வசன வரிகள். யூடியூப் ஸ்டுடியோவில் சப்டைட்டில்ஸ் பகுதிக்குப் போய், பேசியதை அப்படியே தட்டச்சு செய்து ஒட்டி, நேரம் பொருந்துகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். தானாக வரும் வரிகளைத் திருத்தாமல் விடாதீர்கள். கலைச்சொற்களிலும் "இல்லை", "கூடாது" போன்ற எதிர்மறைகளிலும் அது தவறினால் பாடமே தலைகீழாகும். பிறவியிலிருந்தே காது கேளாத பலருக்கு முதல்மொழி சைகைமொழி. அதனால் சேர்க்கை, தேர்வு விதி போன்ற முக்கிய வீடியோக்களில் இந்திய சைகைமொழி மொழிபெயர்ப்பாளரையும் திரையில் காட்டுங்கள்.

வசன வரி போடக் கஷ்டம் என்று வீடியோக்களையே நீக்கிவிட வேண்டாம். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகம் 2017-ல் 20,000-க்கும் மேற்பட்ட பாட வீடியோ, ஒலிப்பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. அதனால் காது கேட்பவர், கேளாதவர் இருவருக்கும் நஷ்டம். இந்தப் பருவத்துப் பாடங்களிலிருந்து தொடங்கி, பழையவற்றை யாராவது வேண்டும் என்று சொல்லும்போது உடனே செய்து கொடுங்கள்.

கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற இணையதளம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பெரிய செலவில்லாமல் நாங்களே சோதிக்க முடியுமா?
– உள்தர உறுதிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர், மயிலாடுதுறை

முடியும். மவுஸைக் கழற்றி வையுங்கள். முகப்பைத் திறந்து டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போங்கள். இப்போது எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று சுற்றிலும் ஒரு கட்டம் தெரிகிறதா? அழகுக்காக அந்தக் கட்டத்தை சிஎஸ்எஸ்ஸில் அணைத்து வைப்பது மிகப் பரவலான தவறு. மவுஸ் மேலே போனால் மட்டும் திறக்கும் மெனுக்கள் அகப்படும். உள்ளே போய் வெளியே வர முடியாத பாப்-அப்பும் அகப்படும். எஸ்கேப் தட்டினால் மூட வேண்டும். உள்ளடக்கத்துக்கு வருவதற்குள் அறுபது இணைப்புகளைத் தாண்ட வேண்டியிருந்தால், பக்கத்தின் உச்சியில் "நேரடியாக உள்ளடக்கத்துக்கு" என்று ஓர் இணைப்புச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் செய்தி வரியை நிறுத்தப் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் ஓடும் எதற்கும் அது கட்டாயம். எங்களைக் கேட்டால் ஓடும் வரியே வேண்டாம்.

பிறகு பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்குங்கள். வரியை முடிக்க இடமும் வலமும் தள்ள வேண்டியிருந்தால் தோல்வி.

அடுத்து என்விடிஏ. விண்டோஸுக்கான இலவச ஸ்கிரீன் ரீடர். விண்டோஸ் அமைப்புகளில் பேச்சுப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் கிடைக்கும். எச் விசை தலைப்பு தலைப்பாகவும், எஃப் விண்ணப்பப் பெட்டிகளாகவும், டி (T) அட்டவணைகளாகவும் தாவும். இன்செர்ட்டும் எஃப்7-உம் சேர்த்து அழுத்தினால் இணைப்புப் பட்டியல். பேச்சை நிறுத்த கன்ட்ரோல். திரையை அணைத்துவிட்டு தேர்வுக் கட்டணம் எவ்வளவு, ஹால் டிக்கெட்டை எங்கே எடுப்பது, முதல்வர் அலுவலகத் தொலைபேசி எண் என்ன என்ற மூன்றையும் கண்டுபிடிக்கப் பாருங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் அது உங்கள் அறிக்கையில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

குரோமிலுள்ள லைட்ஹவுஸ், இலவசமாகக் கிடைக்கும் வேவ், ஆக்ஸ் கருவிகளையும் ஓட்டலாம். ஆல்ட் இல்லாததை அவை காட்டும்; ஆல்ட்டில் தப்பாக எழுதியிருப்பதைக் காட்டாது. 100-க்கு 100 வாங்கிய பக்கத்திலும் மாணவர் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே ஸ்கிரீன் ரீடர் பழகிய மாணவர்கள் இருவரை உட்கார வைத்துச் சோதியுங்கள். மதிப்பூதியம் கொடுங்கள். அது நிபுணர் வேலை.

என் மகளுக்குப் பார்வை இல்லை. கல்லூரிக்கு மூன்று முறை நேரில் போய்ச் சொல்லியும் இணையதளம் மாறவில்லை. சட்டத்தில் இடம் உண்டா?
– தந்தை, மன்னார்குடி

உண்டு ஐயா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 42-ஆம் பிரிவு மின்னணு ஊடகத்தில் உள்ளவை அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 46-ஆம் பிரிவு, அரசோ தனியாரோ, சேவை தருபவர் விதிகள் வந்த 2 ஆண்டுக்குள் அதன்படி நடக்க வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். ராஜீவ் ராதுரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரண், கட்டாய விதிகள் வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று வந்த இன்னொரு தீர்ப்பில் டிஜிட்டல் அணுகலை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாகவே ஏற்றது.

நேரில் சொன்னதற்குச் சான்று இருக்காது. இனி எழுத்தில் கொடுங்கள். அரசு நிறுவனமானால் 23-ஆம் பிரிவின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். மனுவை அவருக்கே எழுதி, நகலை முதல்வருக்குக் கொடுங்கள். "இணையதளம் சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும். எந்தப் பக்கம், அதன் முகவரி, எந்தத் தேதி, எந்த நேரம், எந்த போன், எந்த ஸ்கிரீன் ரீடர், என்ன செய்ய முயன்றார், எந்த இடத்தில் நின்றது, அதனால் என்ன இழந்தார் என்று எழுதுங்கள். கடைசியில் இரண்டு கோரிக்கை தனித்தனியாக: அந்தத் தகவலை உடனே எழுத்து வடிவில் மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், பக்கத்தைக் குறிப்பிட்ட தேதிக்குள் திருத்த வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், அல்லது ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள்.

பதில் இல்லை என்றால் அந்த நகல்களோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனுச் செய்யலாம். திருவாரூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். சட்டத்தை மீறினால் 89-ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் மீறினால் 50,000-க்குக் குறையாமல் 5 லட்சம் வரை. மனுவில் உங்கள் மகள் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையின் (யுடிஐடி) நகலையும் இணையுங்கள்.